ஒரு சோளக் கதிரும் ஆறு துரியான் மரங்களும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகச் சற்று விரிவாக இங்கே இடம்பெறுகிறது.)



பாலிக் புலாவில் எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். பினாங்குத் தீவின் பின்பக்கம் இருக்கும் அந்த ஊருக்கு உங்களில் பலர் லக்சா சாப்பிடப் போயிருப்பீர்கள். ஜூன், ஜூலை வந்தால் துரியான் தேடியும் போயிருப்பீர்கள். மலைச் சரிவில் மாமாவுக்குச் சிறிய நிலம் ஒன்று உண்டு. மேட்டில் துரியான், கீழே சமதளத்தில் கொஞ்சம் இனிப்புச் சோளம். இரண்டும்தான் அவருடைய பிழைப்பு.

இந்த அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இனிப்புச் சோளத்தின் வரலாறு. அதைப் பற்றி விசாரிக்கத்தான் மாமாவுக்குப் போன் செய்தேன். சோளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவர் என்னிடமே ஒரு கேள்வி கேட்டார்.

"மேட்டுல இருக்கிற ஆறு கிழட்டு மரத்தையும் வெட்டிட்டு, எல்லாத்தையும் மூசாங் கிங்கா மாத்திடலாம்னு இருக்கேன். நீ என்னம்மா சொல்ற? டிவியில எல்லாத்துக்கும் பேசுறியே!"

அந்த ஆறு மரங்களும் என் தாத்தா துரியான் தின்றுவிட்டுப் போட்ட விதையிலிருந்து வளர்ந்தவை. எதற்கும் பெயர் கிடையாது. ஒன்றின் பழம் கசக்கும். ஒன்றில் சதை மெலிசு. ஒன்று மட்டும் அபாரமாக இருக்கும், ஆனால் வருடத்திற்கு முப்பது நாற்பது பழம்தான் விழும். கம்பத்துத் துரியான் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு மலிவாக விற்கத்தான் முடியும். மூசாங் கிங்கோ அதைவிடப் பல மடங்கு விலை போகிறது. கணக்குப் பார்த்தால் வெட்டுவதுதான் சரி.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்த உரைக்காகச் சோளத்தின் கதையைப் படிக்கப் படிக்க, மாமாவின் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன்.

இனிப்பு ஒரு குறை

தமிழ்நாட்டில் சோளம் என்றால் வேறு தானியம். நாம் சோளம் என்று சொல்வதை அங்கே மக்காச்சோளம் என்பார்கள். மலேசியத் தமிழர்களுக்குச் சோளம் என்றாலே ஜாகுங்தான். அந்தச் சோளம் பிறந்த இடம் மெக்சிகோவின் தென்பகுதி. பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளர்ந்த தியோசின்டே என்ற காட்டுப் புல்லை ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த மக்கள் பயிராக்கத் தொடங்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் கல் போன்ற ஓட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தாலே அதிகம். தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தவர்கள்தான் அதை இன்றைய சோளமாக மாற்றினார்கள். மலைக்கு ஒரு ரகம், கடற்கரைக்கு ஒரு ரகம், அரைக்க ஒன்று, பொரிக்க ஒன்று என்று ஆயிரக்கணக்கான ரகங்கள் அமெரிக்கக் கண்டம் முழுவதும் உருவாயின.

இதில் இனிப்புச் சோளம் எப்படி வந்தது? சோளமணி முற்றும்போது தன்னிடமுள்ள சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிச் சேமித்துக் கொள்ளும். முளைக்கும் செடிக்கு அதுதான் சாப்பாடு. எங்கோ ஒரு செடியில், இந்த வேலையைச் செய்யும் மரபணு ஒன்று பழுதாகிவிட்டது. சர்க்கரை மாவாக மாறாமல் தங்கிவிட்டது. பச்சையாகத் தின்றால் தேன், காய்ந்தால் சுருங்கிப்போன மணி. இனிப்பு என்று நாம் கொண்டாடுவது செடியின் பார்வையில் ஒரு குறைதான். மணியில் சேமிப்பு குறைவாக இருப்பதால் முளைக்கும் வலிமையும் குறைவு.

இந்த மாற்றம் ஒரே இடத்தில் மட்டும் நடந்துவிடவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. சுருங்கிய மணியைப் பார்த்து விதை கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாமல், சுவைத்துப் பார்த்துப் பாதுகாத்தவர்கள் அந்தந்த ஊர்ப் பழங்குடி மக்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் இந்தப் பழுதான மரபணு வந்தால்தான் மணி இனிக்கும். ஒரு பக்கம் சரியான மரபணு வந்துவிட்டாலும் இனிப்பு போய்விடும். மாமா ஒரு முறை இதைப் பட்டுத் தெரிந்து கொண்டார். பக்கத்து நிலத்துக்காரர் கோழித் தீவனத்துக்காகச் சாதாரணச் சோளம் போட்டிருந்தார். காற்றில் அதன் மகரந்தம் பறந்து வந்து விழ, அந்தப் பருவத்தில் மாமாவின் கதிர்களில் பாதி மணிகள் மாவாகிப் போயின. வாங்கியவர்கள் திட்டினார்கள். இரண்டு வயலும் ஒரே நேரத்தில் பூக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பதை அதன்பிறகுதான் கற்றுக் கொண்டார்.

மஞ்சள் கதிர் பிடித்த இடம்

1779-ஆம் ஆண்டு, அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, ஈரோகுவாய் மக்களின் கிராமங்களை அழிக்க ஒரு படை அனுப்பப்பட்டது. நாற்பது கிராமங்கள் வரை எரிந்தன. சோள வயல்கள் கொளுத்தப்பட்டன. அந்தப் படையில் போன ஒருவர்தான் அவர்களுடைய இனிப்புச் சோள விதையைத் தன் ஊருக்குக் கொண்டு வந்தார் என்று அமெரிக்க வேளாண் வரலாறு சொல்கிறது. வயலைக் கொளுத்தியவர்களே அதன் விதையை மடியில் கட்டிக் கொண்டு வந்தார்கள். எத்தனை ரகங்கள் அந்தத் தீயில் போயின என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த நூறு ஆண்டுகளில் அமெரிக்க விவசாயிகள் பலவகை இனிப்புச் சோளங்களை உருவாக்கினார்கள். பெரும்பாலும் வெள்ளை மணிகள்தான். மஞ்சள் சோளம் மாட்டுக்குத்தான் என்பது அன்றைய எண்ணம். 1902-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவின் பர்பி விதை நிறுவனம் 'கோல்டன் பாண்டம்' என்ற மஞ்சள் ரகத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மாசசூசெட்ஸ் மாநில விவசாயி ஒருவர் தன் தோட்டத்தில் வளர்த்து வந்த ரகம் அது. சின்னக் கதிர், ஆனால் அவ்வளவு சுவை. சில ஆண்டுகளில் மக்களின் எண்ணமே மாறியது. மஞ்சளாக இருந்தால்தான் இனிப்புச் சோளம் என்றானது. இன்று நம்மூர்ச் சந்தையிலும் மஞ்சள் கதிரைத்தானே தேடுகிறோம்!

பின்னர் கலப்பின விதை வந்தது. ஒரே செடியின் மகரந்தத்தை அதே செடிக்கே கொடுத்து, பல தலைமுறை வளர்த்து, எல்லாம் அச்சில் வார்த்தது போன்ற இரு குடும்பங்களை முதலில் உருவாக்குவார்கள். பிறகு அந்த இரண்டையும் சேர்ப்பார்கள். பிறக்கும் செடி நெடுநெடுவென்று வளரும். எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் அறுவடை. டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1930-களின் தொடக்கத்தில் ஒரு பாக்டீரியா வாடல் நோய் அமெரிக்க இனிப்புச் சோளத்தைத் தாக்கியபோது, பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிளென் ஸ்மித் உருவாக்கிய 'கோல்டன் கிராஸ் பாண்டம்' என்ற கலப்பினம் அதைத் தாங்கி நின்றது. விவசாயிகள் அதன் பின்னால் ஓடினார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விளைச்சல் கூடியது, நோய் குறைந்தது, வீட்டில் காசு புழங்கியது. ஆனால் கலப்பினத்தின் கதிரிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த போகம் அதே மாதிரி வராது. மாமாவும் ஒரு முறை முயன்று பார்த்தார். ஒரு செடி இடுப்பளவு, ஒரு செடி தலைக்கு மேல், கதிரெல்லாம் சிறுத்துப் போயிற்று. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் விதைப் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். வீட்டு அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய விதைக் கதிர்கள் இப்படித்தான் காணாமல் போயின. அமெரிக்காவின் இன்றைய இனிப்புச் சோளத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பெரும்பகுதி கோல்டன் பாண்டம், ஸ்டோவெல்ஸ் எவர்கிரீன், கன்ட்ரி ஜென்டில்மேன் முதலான விரல் விட்டு எண்ணக்கூடிய பழைய ரகங்களில் போய் நிற்கும்.

மென்று பார்த்த பேராசிரியர்

இனிப்பு மேலும் ஏறியது ஒரு தற்செயல்தான். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியல் அறிஞர் வேறொரு ஆராய்ச்சிக்காகச் சுருங்கிய மணிச் சோளத்தை வளர்த்து வந்தார். மணியை வாயில் போட்டு மென்று பார்த்தவருக்கு ஆச்சரியம். சாதாரண இனிப்புச் சோளத்தைவிடப் பல மடங்கு இனிப்பு! அதைவிட முக்கியம், பறித்த பிறகும் அந்த இனிப்பு சீக்கிரம் குறையவில்லை. பழைய இனிப்புச் சோளத்தைப் பறிப்பதற்கு முன்பே பானையில் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்பார்கள். அவ்வளவு வேகமாகச் சர்க்கரை மாவாகிவிடும். லாக்னன் 1953-ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். விதை நிறுவனங்கள் முதலில் அக்கறை காட்டவில்லை. விதை அரிசி போலச் சுருங்கியிருக்கிறதே, எவன் வாங்குவான் என்று நினைத்தார்கள். 1960-களில் சந்தைக்கு வந்த அந்த 'சூப்பர் ஸ்வீட்' வகைதான் பின்னர் உலகைப் பிடித்தது. நாம் பேரங்காடியில் கோப்பையில் மார்ஜரின் போட்டுச் சாப்பிடுகிறோமே, அது இந்த வகையின் வாரிசு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதிய இனிப்பு மரபணுவை எங்கே ஏற்றினார்கள்? பெரும்பாலும் ஏற்கெனவே கையில் இருந்த அதே சில குடும்பங்களில்தான். இனிப்பு கூடியது, உறவு வட்டம் விரியவில்லை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததா?

1970: வயல்கள் கருகிய ஆண்டு

ஒரே மாதிரி இருப்பதன் விலை என்ன என்பதை இனிப்புச் சோளத்தின் அண்ணன், அதாவது தீவனத்துக்கும் மாவுக்கும் போடும் சோளம், உலகத்துக்கே காட்டியது.

கலப்பின விதை தயாரிக்கும்போது தாய்ச் செடியின் உச்சியிலுள்ள ஆண் பூவை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி எறிய வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதற்குக் கூலி கொடுத்து மாளாது. டெக்சாஸில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சோள வகையில் ஆண் பூவுக்கு மகரந்தமே உண்டாகாது. அந்தத் தன்மை தாய் வழியாக மட்டும் இறங்கும். அதைத் தாயாக வைத்தால் கிள்ளும் வேலையே இல்லை. ஒரு நிறுவனம் செய்தது, எல்லா நிறுவனங்களும் செய்தன. 1970-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சோள விதையில் ஏறக்குறைய 85 விழுக்காடு இந்த ஒரே தாய் வழியைச் சேர்ந்தது. பாக்கெட்டில் பெயர் வேறு, படம் வேறு, உள்ளே தாய் ஒருத்திதான்.

அந்தத் தாய் வழிச் செடிகளை ஒரு பூஞ்சை எளிதாகத் தாக்குகிறது என்று பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 1961-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆசியாவில் ஒரு மூலையிலிருந்து வந்த எச்சரிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. அங்கே வெப்பமும் ஈரமும் அதிகம், நம் நாட்டில் அப்படி ஆகாது என்று இருந்துவிட்டார்கள்.

1970-ஆம் ஆண்டு மழையும் வெக்கையும் சேர்ந்து கொண்டன. தெற்கே புளோரிடாவில் தொடங்கிய இலைக் கருகல் நோய் காற்றோடு வடக்கே ஏறியது. இலையில் புள்ளி, பிறகு தண்டு, பிறகு கதிர். சில தென் மாநிலங்களில் பாதிக்கும் மேல் அழிந்தது. நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 15 விழுக்காடு விளைச்சல் ஒரே பருவத்தில் போனது. நட்டம் சுமார் 100 கோடி அமெரிக்க டாலர். மறுநடவுக்கு வேறு தாய் வழி விதை வேண்டும். நல்லவேளையாக அந்தப் பழைய விதைகளைச் சிலர் விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் ஹவாயிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அவசர அவசரமாக அவற்றைப் பெருக்கினார்கள்.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் முக்கியப் பயிர்களின் மரபியல் பலவீனம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பயிர்கள் மிகவும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, அதனாலேயே ஆபத்து வந்தது என்பதுதான் அதன் சாரம். மரபணுப் பன்முகத்தன்மை என்று மேடைகளில் பெரிய வார்த்தையாகப் பேசுகிறோமே, அதன் பொருள் இவ்வளவுதான்: ஒரு நோய் வந்தால் எல்லாரும் ஒன்றாக விழக்கூடாது, யாராவது எழுந்து நிற்க வேண்டும்.

பக்கத்து நாட்டில் நடந்த மீட்சி

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்க இனிப்புச் சோளத்தை அப்படியே கொண்டு வந்து நம் வெயிலில் நட்டால் என்ன ஆகும்? முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். மழையில் இலை அழுகும், புழு மொய்க்கும். நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய பயிர், பன்னிரண்டு மணி நேரப் பகலில் தடுமாறிப் போகும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூபேக்கர் என்ற பயிர்ப் பெருக்க அறிஞர் 1960-களிலிருந்து இந்த வேலையில் இறங்கினார். இனிப்பு மரபணுவை எடுத்து, வெப்ப நாடுகளின் முரட்டுச் சோளங்களோடு கலந்து, நம்மைப் போன்ற தட்பவெப்பத்துக்கு ஏற்ற சூப்பர் ஸ்வீட் வகைகளை உருவாக்கினார். இனிப்பே இல்லாத அந்த முரட்டுச் சோளத்திடமிருந்துதான் நோயைத் தாங்கும் பலம் கிடைத்தது.

இதற்கிடையே 1968-ஆம் ஆண்டில் தாய்லாந்துச் சோளத்தில் அடிச்சாம்பல் நோய் பரவத் தொடங்கியது. இலை வெளுத்து, அடியில் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படியும். கதிர் பிடிக்காது. விவசாயிகள் கதிகலங்கிப் போனார்கள். கசெட்சார்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு மருந்தைத் தேடவில்லை, உறவுகளைத் தேடினார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு கலவை இருந்தது. 36 இடங்களிலிருந்து வந்த சோளங்களைச் சேர்த்துச் செய்தது. பெரும்பங்கு கரிபியன் தீவுகள், மெக்சிகோ, தென் அமெரிக்கா. இந்தியாவிலிருந்து வந்தவையும் அதில் இருந்தன. அதோடு, இந்த நோயோடு பல காலம் போராடிப் பழகிய பிலிப்பைன்ஸ் சோளத்தைக் கலந்தார்கள். வயலில் வேண்டுமென்றே நோயைப் பரப்பி, பிழைத்து நின்ற செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்தார்கள். பல சுற்றுகளுக்குப் பிறகு 1975-ஆம் ஆண்டில் 'சுவான் 1' என்ற ரகம் வெளிவந்தது. நோயைத் தாங்கியது மட்டுமல்ல, விதையை விவசாயியே எடுத்து வைத்து மறுபடி போடலாம். தாய்லாந்து எல்லை தாண்டி ஆப்பிரிக்கா வரை அந்த விதை போய்ச் சேர்ந்தது.

பிறகு ஹவாயின் இனிப்பும் தாய்லாந்தின் நோய் எதிர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்து 'தாய் சூப்பர் ஸ்வீட்' பிறந்தது. மலேசிய விவசாயிகள் நீண்ட காலம் விரும்பிப் போட்டதும் அதைத்தான். நம் மார்டி ஆராய்ச்சிக் கழகமும் 1980-களில் 'மாஸ்மாடு' என்ற இனிப்புச் சோள ரகத்தைக் கொடுத்தது.

ஒரு கதிர் அவித்த சோளத்தைக் கையில் எடுக்கும்போது நினைத்துப் பாருங்கள். அதன் இனிப்பு அமெரிக்கப் பழங்குடிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் கொடுத்தது. ஆனால் நம் மண்ணில் அது உயிரோடு நிற்பது, எங்கோ பிலிப்பைன்ஸ் தீவிலும் கரிபியன் தீவிலும் ஏதோ ஓர் ஏழை விவசாயி விடாமல் போட்டு வந்த, சப்பென்றிருக்கும் சோளத்தால்தான். அந்த விவசாயியின் பெயர் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

நம் தாத்தாக்கள் சீவிய மரம்

இது அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் விடியற்காலையில் விளக்குக் கட்டிக் கொண்டு சீவினார்களே, அந்த ரப்பர் மரத்தின் கதையும் இதே கதைதான்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. மலாயாவின் தோட்டங்கள் பெரும்பாலும் விக்கம் கொண்டு வந்த அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். பிறகு ஒட்டுக் கட்டும் முறை வந்ததும், நல்ல மரம் ஒன்றின் மொட்டை எடுத்து லட்சக்கணக்கில் நகல் எடுத்தார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறியது. வட்டம் இன்னும் சுருங்கியது.

ரப்பரின் தாய்நாட்டில் தென்னமெரிக்க இலைக் கருகல் என்ற நோய் இருக்கிறது. ஹென்றி போர்டு 1928-ஆம் ஆண்டில் அமேசானில் தொடங்கிய பெரும் ரப்பர்த் தோட்டத்தை முடக்கியதில் அதற்கும் பெரும்பங்கு உண்டு. அந்த நோய் நம் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் ரப்பர் ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடவில்லை. 1981-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குழு ஒன்று மறுபடியும் அமேசான் காட்டுக்குப் போய், காட்டு ரப்பர் மரங்களிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்தது. அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. நூறாண்டுக்குப் பிறகு மறுபடி காட்டைத் தேடிப் போக வேண்டி வந்தது ஏன்? கையில் இருந்தவர்கள் எல்லாரும் நெருங்கிய சொந்தக்காரர்கள் என்பதால்தான்.

மாமாவுக்கு என்ன பதில்?

சோளத்துக்கு மெக்சிகோ எப்படியோ, துரியானுக்கு நம் வட்டாரம் அப்படி. மலேசியாவும் போர்னியோவும் சுமத்ராவும் அதன் சொந்த வீடு. நம் வேளாண் துறை 1934-ஆம் ஆண்டிலிருந்து நல்ல துரியான் ரகங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்து வருகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. பினாங்கின் ஹோர் லோர் டி163, ஆங் ஹே எனப்படும் ஊடாங் மேரா டி175. கிளந்தானிலிருந்து வந்த மூசாங் கிங் டி197, அது பதிவானது 1993-ஆம் ஆண்டில்தான். பினாங்கு மாநிலத்தின் டுரி ஹித்தாம் டி200, 2015-ஆம் ஆண்டில் பதிவானது.

இந்தப் பிரபலங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? மார்டி போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் திட்டமிட்டுக் கலந்து உருவாக்கியவை சிலவே. மற்றவை யாரோ ஒருவர் நிலத்தில், யாரோ தின்று போட்ட விதையிலிருந்து, தானாக முளைத்த மரங்கள். ருசி தெரிந்த ஒருவர் அதைக் கண்டுபிடித்து ஒட்டுக் கட்டினார், அவ்வளவுதான். இன்றைய ராஜா நேற்றைய கம்பத்துத் துரியான். பெயரில்லாத மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால், நாளைய ராஜா எங்கே முளைக்கும்?

இது உணர்ச்சி வசப்பட்ட பேச்சு மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. பல துரியான் ரகங்கள் தங்கள் சொந்த மகரந்தத்தைச் சரியாக ஏற்றுக் கொள்வதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அதை இரவில் சுமந்து வருபவை வௌவால்கள். ஒட்டு மரங்களான மூசாங் கிங் எத்தனை நட்டாலும் அவை ஒரே மரத்தின் நகல்கள். அதனால்தான் தோட்டத்தில் ரகங்களைக் கலந்து நடச் சொல்கிறார்கள். மாமாவின் ஆறு கிழட்டு மரங்கள் விலை போகாவிட்டாலும், மூசாங் கிங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் அவைதான். அதோடு, துரியான் தண்டைக் காயப்படுத்திக் கொல்லும் அழுகல் நோய் வந்தால், நகல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். விதை மரங்கள் ஆறும் ஆறு மாதிரி.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"எல்லாருக்காகவும் நான் ஒருத்தன் நட்டப்படணுமாம்மா?"

நியாயமான கேள்வி. அந்தப் பிலிப்பைன்ஸ் விவசாயிக்கும் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. மெக்சிகோவில் உள்ள பன்னாட்டுச் சோள ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கியில் 28,000-க்கு மேல் சோள மாதிரிகள் குளிரில் உறங்குகின்றன. துரியான் விதையை அப்படி உலர்த்திக் குளிரில் வைக்க முடியாது, செத்துவிடும். அது மரமாகத்தான் வாழ வேண்டும், யாராவது ஒருவருடைய நிலத்தில்தான் நிற்க வேண்டும். அந்த ஒருவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

வாங்குகிறவர்கள் நாம் ஒன்று செய்யலாம். அடுத்த பருவத்தில் பாலிக் புலாவுக்குப் போனால் மூசாங் கிங் மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரரிடம், "பேர் இல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். நல்லதாக இருந்தால் நியாயமான விலை கொடுங்கள். அந்தக் காசுதான் ஒரு மரத்தை நிற்க வைக்கும். பழைய மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் அதில் ஒரு கிளையின் மொட்டை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

மாமா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஆறில் இரண்டை வெட்டிவிட்டார், அங்கே மூசாங் கிங் கன்றுகள் நிற்கின்றன. நான்கு மரம் இருக்கிறது. முப்பது பழம் விழும் அந்த மரமும் அந்த நான்கில் ஒன்று.

"உனக்காக இல்லம்மா, வௌவாலுக்காக விட்டு வச்சேன்" என்றார்.

யாருக்காக இருந்தால் என்ன? மரம் நிற்கிறதே, அது போதும்.